அக்காகிட்ட கேளுங்க: தனியா வந்து இறங்குற மொத ரெண்டு நாள்

இந்தத் தடவ வந்த கேள்விங்கள்ல நெறய ஒரே விஷயத்தச் சுத்தித்தான் இருந்துச்சு, சிங்கப்பூருக்குத் தனியா வரேன், மொதல்ல என்ன பண்றதுன்னு. அதனால சமையல், வாடகை, மாமியார் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு. ஊரு திருநெல்வேலி பக்கம், வேல கோயம்புத்தூர்ல. வெளிநாட்டுக்கு வர்றதே இதான் மொத தடவ, அதுவும் தனியா, 5 நாள். லிட்டில் இந்தியாவுல ஒரு ஹாஸ்டல்ல பெட் போட்டிருக்கேன். பாக்க வேண்டிய எடம்னு 31 எடம் எழுதி வெச்சிருக்கேன். டிக்கெட் போட்டப்ப இருந்த தைரியம் இப்ப இல்ல, ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது, அம்மா வேற போன் பண்ணா அழுவுறாங்க. மொத ரெண்டு நாள எப்படிப் பிளான் பண்ணட்டும்?
(திருநெல்வேலி வாசகி)

பதில்: அந்த 31 எடம் எழுதுன பேப்பர மடிச்சு பெட்டிக்கு அடியில வெச்சிருங்கம்மா, மூணாவது நாள் காலையில வெளிய எடுத்தாப் போதும். மொத ரெண்டு நாளைக்கு உங்களுக்கு வேண்டியது நல்லாப் பழகுன ஒரு தெரு, அப்புறம் உங்க மூஞ்சியத் தெரிஞ்சு வெச்சிருக்கிற ஒரு டீக்கடை, அவ்வளவுதான்.

நானே 1998-ல 24 வயசுல ஒத்தையா வந்து இறங்குனவதான். அப்ப லிட்டில் இந்தியாவுக்கு ரயிலே கெடையாது, அந்த ஸ்டேஷன் 2003-லதான் தொறந்தாங்க. தங்குனது தோ பாயோங்கிற அடுக்குமாடிப் பேட்டையில ஒரு வீட்ல, பக்கத்து ரூம்ல யாரு இருக்காங்கன்னுகூட தெரியாது. வந்த மூணாம் நாளு தேங்கா எண்ண வாங்கக் கீழ இறங்குனேன், வாங்கிட்டுத் திரும்புனா எல்லா ப்ளாக்கும் ஒரே மாதிரி நிக்குது, என் ப்ளாக் நம்பர நான் மனசுல ஏத்திக்கவே இல்ல, கையில எண்ண பாட்டிலோட ரெண்டு மணி நேரம் சுத்துறேன் அழுக முட்டிக்கிட்டு வருது. ஒரு ப்ளாக்குக்குக் கீழ கல் மேஜையில ஒக்காந்திருந்த ஒரு மலாய்ப் பாட்டி என்னக் கூப்பிட்டு ஒக்கார வெச்சாங்க, அவங்க பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அவங்களுக்குப் புரியல, ஆனா அந்த பாட்டிலத் தொட்டுக் காட்டி எந்தக் கடைன்னு கையாலயே கேட்டு, அந்தக் கடைக்கே என்னத் திருப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. கடக்காரருக்கு என்ன அடையாளம் தெரிஞ்சுது. ஏன்னா அதுக்கு முந்துன நாளும் அவர்கிட்டதான் பால் வாங்கியிருந்தேன். நீ அந்தப் பக்கத்துலருந்துல்ல வருவன்னு கைய நீட்டிக் காட்டுனார், போய்ப் பாத்தா என் ப்ளாக்கு. ஒரே கடைக்கு ரெண்டாவது தடவ போனதுதான் அன்னைக்கு என்ன வீடு சேத்துச்சு, அதனாலதான் யாரு கேட்டாலும் மொதல்ல இதச் சொல்றேன்.

இப்ப உங்க கணக்குக்கு வருவோம். நம்ம ஊர்லருந்து வர்ற பிளைட் நெறய விடிகாலையிலதான் இறங்கும், நீங்க தூங்கியே இருக்க மாட்டீங்க. கெளம்புறதுக்கு முந்தி எஸ்ஜி அரைவல் கார்டுன்னு ஒண்ணு ஆன்லைன்ல நிரப்பணும், வந்து சேர்ற நாளையும் சேத்து மூணு நாளுக்குள்ள, குடிநுழைவுத் துறை வெப்சைட்ல, ஒரு பைசா கெடையாது. காசு கேட்டா அது வேற யாரோ நடத்துற சைட்டு, வெளிய வந்துருங்க. அது விசாவும் இல்ல, விசாவ நீங்க தனியா எடுத்திருக்கணும், ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. சாங்கி ஏர்போர்ட்ல ஜுவெல்னு 2019-ல தொறந்த கட்டடத்துக்குள்ள 40 மீட்டர் ஒசரத்துலருந்து கொட்டுற அருவி இருக்கு, எல்லாரும் வந்த ஒடனே அங்கதான் ஓடுறாங்க, ஆனா விடிகாலையில அத ஓட விடமாட்டாங்க, கனத்த பெட்டியோட போய் வெறும் கண்ணாடியப் பாத்துட்டு வர்றதுக்குப் பதிலா, ஊருக்குத் திரும்புற அன்னைக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் நிதானமாப் பாருங்க.

ஹாஸ்டலுக்கு டாக்சி வேண்டாம். ஏர்போர்ட் ஸ்டேஷன்ல ஏறி அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்போவுல இறங்கி நீல லைனுக்கு மாறுனா அதுவே நேரா லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டு வந்து விட்டுரும். டிக்கெட் எடுக்க வேண்டியதில்ல, தட்டிட்டுப் போற பேங்க் கார்டு இருந்தா கேட்ல அதையே தட்டலாம், ஆனா வெளிநாட்டுக் கார்டுன்னா கூட ஒரு கட்டணம் புடிப்பாங்க, அதனால 5 நாளைக்கு ஒரு ஈசி-லிங்க் கார்டு வாங்கிப் பணம் ஏத்திக்கிறதுதான் நல்லது. பஸ்ல ஏறும்போதும் தட்டணும் இறங்கும்போதும் தட்டணும். இறங்கும்போது மறந்தீங்கன்னா கடைசி ஸ்டாப் வரைக்கும் போன மாதிரி காசு போயிரும்.

ரூம் சாவி மத்தியானம் 2 மணி 3 மணிக்குத்தான் தருவாங்க, பெட்டிய மட்டும் வெச்சுக்கச் சொல்லிட்டு, ஹாஸ்டல் வாசல ஒரு போட்டோ, தெருப் பேர் போர்ட ஒரு போட்டோ எடுத்துட்டு நேரா தேக்காவுக்குப் போங்க. தேக்கா சென்டர்னு போர்டு இருக்கும், கீழ ஈரச் சந்தையும் சாப்பாட்டுக் கடைங்களும், மாடியில துணிக்கடை. காலையில 7 மணிக்கு அங்க ஒக்காந்து பாருங்க. மீன் கடையில ஐஸ் கொட்டுற சத்தம், பக்கத்துல கருவேப்பிலையும் மொருங்கக் கீரையும், ஒரு மேஜையில தமிழ் அடுத்த மேஜையில ஹொக்கியென் சீனம், தோச ஊத்துற கல்லுலருந்து வர்ற வாசனைய மோந்தா ஊர விட்டு வந்த மாதிரியே இருக்காது, ஆனா நிமிந்து பாத்தா முன்னாடி கோழிச் சோறுக் கடை. மேஜையில ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் தனியா கெடக்கும். யாரோ மறந்துட்டுப் போனதுன்னு எடுத்துராதீங்க, அது அந்த எடத்துக்கு ஆள் இருக்குன்னு அர்த்தம், அவங்க சாப்பாடு வாங்கப் போயிருக்காங்க. தனியா வர்றவங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஒத்தாச தெரியுமா, எடம் புடிக்க கூட ஆள் வேண்டியதில்ல, நீங்களும் பையில ஒரு பாக்கெட் வெச்சுக்கங்க. சாப்பிட்டு முடிச்சா தட்ட நீங்களே எடுத்துட்டுப் போய் தட்டு வைக்கிற எடத்துல வைக்கணும், 2021-லருந்து வைக்காமப் போனா அபராதம்.

டீ வாங்கும்போது வெறுமனே தே-ன்னு கேட்டா கெட்டிப் பால் ஊத்தி நல்ல இனிப்பா வரும். பால் வேண்டாம்னா தே ஓ, சக்கர வேண்டாம்னா பின்னால கோசோங்னு சேத்துக்கங்க, தே ஆலியான்னா இஞ்சி டீ. நம்மாளுங்க கடையில இஞ்சி டீன்னே கேக்கலாம். வெல சொல்லும்போது ஒரு வெள்ளி அம்பது காசும்பாங்க, வெள்ளின்னா டாலர், இந்த ஊர்த் தமிழ்ல அப்படித்தான் காலங்காலமா சொல்றது.

மொத நாளு அவ்வளவுதான். மத்தியானம் நல்லாத் தூங்குங்க, எப்படியும் அந்த நேரத்துல வெயில் மண்டையப் பொளக்கும், இல்லன்னா இடியோட மழ கொட்டும். சாயங்காலம் எந்திரிச்சு சிராங்கூன் சாலையில வீரமாகாளியம்மன் கோயில் வரைக்கும் நடந்துட்டு, பூக்கட வாசல்ல மல்லிகை வாங்கி வெச்சுக்கிட்டுத் திரும்புங்க. இங்க 7 மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

ரெண்டாம் நாள் காலையில அதே டீக்கடை. இதுதான் முக்கியம், வேற கடை நல்லா இருக்குன்னு யார் சொன்னாலும் போகாதீங்க. நேத்து குடிச்சதே வேணுமான்னு அந்தக் கடக்காரம்மா கேப்பாங்க பாருங்க, அந்த நிமிஷத்துல தோள் இறங்கும், மூச்சு நேராகும். அதுக்கப்புறம் ஊதா லைன்ல ஏறுங்க, மூணாவது ஸ்டேஷன் சைனாடவுன். பகோடா ஸ்ட்ரீட் வாசல்ல வெளிய வந்து அந்தத் தெருக் கடைசி வரைக்கும் நடந்தா சௌத் பிரிட்ஜ் ரோட்டுல மாரியம்மன் கோயில் கோபுரம். அந்தத் தெருவுக்குப் பேரு வந்ததே இந்தக் கோபுரத்தாலதான். 1819-ல, இங்க பிரிட்டிஷ்காரங்க துறைமுகத்த ஆரம்பிச்சு வெச்ச ராஃபிள்ஸோட பினாங்குலருந்து வந்த நாராயண பிள்ளை 1827-ல மரத்தாலயும் ஓலையாலயும் ஆரம்பிச்சு வெச்ச கோயில் அது, இப்பவும் தீபாவளிக்கு முந்தி தீமிதி இங்கதான். நாலு எட்டு நடந்தா 1826-ல தமிழ் முஸ்லிம்கள் உண்டாக்குன ஜாமியா சூலியா பள்ளிவாசல், அதே ரோட்டுல இன்னும் கொஞ்சம் போனா புத்தர் பல் கோயில், எதிர்த்தாப்ல மேக்ஸ்வெல் சாப்பாட்டுக் கடைங்க. அங்கருந்து பத்து நிமிஷ நடையில தெலுக் ஆயர் தெரு, சீனக் கோயிலுக்குப் பக்கத்துலயே நாகூர் தர்கா. ஒரு காலத்துல அந்தத் தெருவுக்கு எதிர்ல கடல்தாம்மா இருந்துச்சு, மண்ணக் கொட்டி நெரப்புனது பின்னாடி. கப்பல் விட்டு இறங்குனவங்க, தெரியாத ஊர்ல உசிரோட வந்து சேந்தோம்னு கும்புட்ட எடங்க இதெல்லாம். உங்கள மாதிரியே பயந்துக்கிட்டு வந்தவங்கதான், போன் இல்ல, திரும்புறதுக்கு டிக்கெட் இல்ல. அந்த தர்கா முன்னாடி நின்னா எனக்கு இப்பவும் மனசு கலங்கிரும்.

கோயிலுக்குப் போறதுன்னா காலையிலயே போயிருங்க, மத்தியானம் நடை சாத்திருவாங்க. சாயங்காலம் தெம்பு இருந்தா நீல லைன்ல பேஃபிரண்ட்ல இறங்கி, கார்டன்ஸ் பை த பேல அந்தப் பெரிய மரம் மாதிரி நிக்கிற கோபுரங்களுக்கு அடியில தரையில படுத்துக்கிட்டு மேல பாருங்க, தெனம் 7.45-க்கும் 8.45-க்கும் வெளக்குக் காட்சி, காசில்ல.

அம்மாவுக்கு ஒண்ணு செய்ங்க. சும்மா நல்லா இருக்கேன்னு சொன்னா அவங்களுக்கு ஆறாது, டீக்கடைல கொஞ்சம் கேட்டுட்டு அங்க ஒக்காந்து வீடியோ கால் போட்டு அந்தக் கடக்காரம்மாவக் காட்டுங்க, தமிழ்ல ரெண்டு வார்த்த பேசட்டும். நேரம் மட்டும் பாத்துக்கங்க, நாம ரெண்டர மணி நேரம் முன்னாடி, இங்க காலையில 7-ன்னா அங்க இன்னும் நாலர.

கேள்வி: வணக்கம்மா. நான் மதுர, வயசு 63, கவர்மென்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். வீட்டம்மா போய் ரெண்டு வருசம் ஆச்சு. எங்க பெரியப்பா அந்தக் காலத்துல சிங்கப்பூர் ஹார்பர்ல மூட்ட தூக்குனவரு, அவர் சொன்ன கத கேட்டே வளந்தேன். இப்பத்தான் வரதுக்கு வாய்ச்சிருக்கு. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பேச வராது. தமிழ மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு வாரம் தனியா ஓட்டிர முடியுமா?
(மதுரை வாசகர்)

பதில்: ஓட்டிரலாம் ஐயா, தாராளமா வாங்க. இந்த நாட்டுக்கு ஆட்சி மொழி நாலு, அதுல நம்மளுது ஒண்ணு. கையில வாங்குற வெள்ளி நோட்ட உத்துப் பாருங்க, சிங்கப்பூர்னு தமிழ்ல அச்சடிச்சிருக்கும். ரயில் ஸ்டேஷன்ல, கட்டட வேல நடக்குற எடத்துல எச்சரிக்கைப் பலகையெல்லாம் நம்ம எழுத்துலயும் நிக்கும். 1935-ல கோ. சாரங்கபாணி ஆரம்பிச்ச தமிழ் முரசு பேப்பர் இன்னைக்கும் வருது. விக்டோரியா ஸ்ட்ரீட்ல தேசிய நூலகம் இருக்கு, குளுகுளுன்னு ஏசியில ஒக்காந்து தமிழ்ப் புத்தகம் படிக்கலாம், மத்தியான வெயிலுக்கு அதவிட நல்ல எடம் கெடையாது.

ஆனா உண்மையையும் சொல்லிரணும். எழுத்துல தமிழ் இருக்கிற எல்லா எடத்துலயும் பேசுறதுக்கு தமிழ் ஆள் இருப்பாங்கன்னு நெனச்சுராதீங்க. தேக்காவுல, சிராங்கூன் சாலையில நீங்க மதுரையில பேசுற மாதிரியே பேசலாம், அதத் தாண்டி ரெண்டு ஸ்டேஷன் போனா கடையில சீன அம்மாதான் நிப்பாங்க. அதுக்கு ஒரு சின்ன ஏற்பாடு, நீங்க தங்குற எடத்துப் பேரு, முகவரி, பக்கத்து ரயில் ஸ்டேஷன் பேரு மூணையும் இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல ஒரு அட்டையில எழுதி வாங்கிச் சட்டப் பையில வெச்சுக்கங்க. போன்ல இருந்தா போதாதான்னு கேக்காதீங்க, சார்ஜ் எறங்கிரும், அட்டைக்கு சார்ஜ் வேண்டாம். சார்ஜர்னு சொன்னதும் ஞாபகம் வருது, இங்க சதுரமா மூணு முள்ளு வெச்ச பிளக், நம்ம ஊர் உருண்ட முள்ளு உள்ள போகாது, அடாப்டர் ஒண்ணு கொண்டாங்க.

பெட்டி கட்டும்போது ரெண்டு விஷயத்துல ரொம்ப கவனம். கசகசா ஒரு பொட்டுகூட வேண்டாம், மசாலாப் பொடியில கலந்ததுகூட வேண்டாம். நமக்கு அது கொழம்புச் சாமான், இங்க போதைப்பொருள் சம்பந்தப்பட்டதுன்னு தடை. பொண்ணு மருமக யாராச்சும் ஆசையா அரச்சுக் குடுத்தா கேட்டுட்டு வாங்கி வைங்க. அதே மாதிரி வாயில போடுற பொகையில எந்தப் பேர்ல வந்தாலும் தடை. சிகரெட் ஒரு பாக்கெட் இருந்தாக்கூட வரி கட்டணும், சொல்லாமக் கொண்டு போகக் கூடாது. தெனம் சாப்பிடுற மாத்திர இருந்தா டாக்டர் சீட்டோட எடுத்துட்டு வாங்க.

நீங்க கண்டக்டரா இருந்தவருங்கிறதால ஒண்ணு சொல்றேன், இந்த ஊர் பஸ்ல ஒரு நாள் முழுக்கச் சுத்துங்க ஐயா. கண்டக்டரே கெடையாது, முன்னாடி ஏறி கார்டத் தட்டணும், பின்னாடி இறங்கும்போது தட்டணும், காசாக் குடுத்தா சில்லறை திருப்பித் தரமாட்டாங்க. டிரைவருங்கள்ல மலேசியாவுலருந்து வர்றவங்க நெறய, நம்ம தமிழ் ஆளுங்களும் அதுல இருக்காங்க, வணக்கம் சொல்லிப் பாருங்க. ஏர்போர்ட்லருந்து ஊருக்குள்ள வர்ற 36-ம் நம்பர் பஸ், மாடி பஸ், மேல மொத வரிசையில ஒக்காந்தீங்கன்னா முன்னால முழுக் கண்ணாடி, ரெண்டு பக்கமும் மழமரங்க கொட மாதிரி விரிஞ்சு, மழ பேஞ்சு முடிச்ச நேரம்னா இலையெல்லாம் சொட்டிக்கிட்டு, கெள ஒண்ணு ரெண்டு கண்ணாடியில ஒரசிட்டுப் போகும். கூட்டத்துல நின்னுக்கிட்டே சீட்டு கிழிச்ச கையி, ஒரு நாளாவது ஜன்னலோரம் ஒக்காந்து வேடிக்க பாக்கட்டும்.

பெரியப்பாவுக்காக ஒரு காலைய ஒதுக்குங்க. தஞ்சோங் பகார்ங்கிற பேர அவர் கண்டிப்பாச் சொல்லியிருப்பாரு, கப்பல் துறையில வேல பாத்த தமிழாளுங்க நெறயப் பேரு அந்தப் பக்கம்தான் இருந்தாங்க. இப்ப அங்க வானத்தத் தொடுற கட்டடமா இருக்கு, பழசத் தேடுனா கெடைக்காது. அதனால அங்கருந்து சிங்கப்பூர் ஆத்தங்கரைக்கு வந்துருங்க, பக்கத்துலயே சூலியா ஸ்ட்ரீட்னு ஒரு தெரு இருக்கும், ஆரம்ப காலத்துல இந்த ஆத்துல சரக்குத் தோணி விட்டவங்க நம்ம சூலியாக்கள்தான், அதாவது தமிழ் முஸ்லிம்கள். சாயங்காலம் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில், செட்டியாருங்க 1859-ல கட்டுனது. கும்புட்டுட்டு அந்தப் பெரியவர் பேர்ல ஒரு அர்ச்சன பண்ணுங்க.

ஞாயித்துக்கிழம சாயங்காலம் லிட்டில் இந்தியாவுல நடக்க எடம் இருக்காது. லீவு நாள்ல வந்து கூடுற நம்ம தொழிலாளத் தம்பிங்க. சில பேரு அந்தக் கூட்டத்தப் பாத்து ஒதுங்கிப் போகச் சொல்லுவாங்க, நான் சொல்லமாட்டேன். நின்னு ரெண்டு பேர்கிட்ட எந்த ஊர் தம்பின்னு கேளுங்க, உங்க வயசுல ஒருத்தர் ஊர்ப் பேச்சு பேசுனா அவங்களுக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கும் தெரியுமா. உங்க பெரியப்பா அன்னைக்கு நின்ன எடத்துல இன்னைக்கு நிக்கிறது அவங்கதான்.

கேள்வி: நான் சுத்த சைவம். அதவிட, தனியா ஒரு மேஜையில ஒக்காந்து சாப்பிடவே எனக்குக் கூச்சமா இருக்கும். பிஸ்கட்டும் பழமும் வெச்சு 4 நாள் சமாளிச்சிரலாமா?
(சேலம் வாசகர், வயசு 34)

பதில்: வேண்டாம் தம்பி, பட்டினி கெடந்து ஊர் சுத்துனா தலவலியும் கோவமும்தான் மிஞ்சும். இங்க தனியாச் சாப்பிடுறவங்கதான் பாதி மேஜையில இருப்பாங்க, ஆபீஸ் போறவங்க, வயசானவங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, எடம் இல்லன்னா ஒரே மேஜையில முன்னப்பின்னத் தெரியாதவங்க நாலு பேர் சேந்து ஒக்காந்து சாப்பிட்டுட்டுப் போவாங்க. ஒங்கள யாரும் பாக்கமாட்டாங்க.

சைவம்னா சிராங்கூன் சாலையில கோமள விலாஸ் 1947-லருந்து இருக்கு, அந்தச் சுத்துவட்டாரத்துலயே இன்னும் எத்தனையோ. கவனமா இருக்க வேண்டியது வேற எடத்துல. பரோட்டா கேட்டா கேக்காமயே மீன் கொழம்போ கோழிக் கொழம்போ ஊத்திருவாங்க, மொதல்லயே பருப்புன்னு சொல்லிருங்க. கீரை பாத்தா ஆசையா இருக்கும், அதுல பெலாச்சான்னு இறால அரச்ச விழுது போட்டு வதக்கியிருப்பாங்க. நாசி லெமாக்னு தேங்காப்பால் சோறு இருக்கு, அதோட வர்ற சம்பல்ல நெத்திலி. சீன சைவக் கடைங்க ஊர் முழுக்க இருக்கு, கறி மாதிரியே, மீன் மாதிரியே தட்டுல வெப்பாங்க, பாத்துப் பயந்துராதீங்க, எல்லாம் சோயாவும் காளானும்தான். குழாய்த் தண்ணிய அப்படியே புடிச்சுக் குடிக்கலாம், பாட்டில் தண்ணிக்குக் காசு போடாதீங்க. ரயிலுக்குள்ள மட்டும் அந்தத் தண்ணியக்கூட குடிக்கக் கூடாது, சாப்பிட்டாலும் குடிச்சாலும் 500 வெள்ளி வரைக்கும் அபராதம்.

கேள்வி: ராத்திரி 10 மணிக்கு மேல ஒரு பொண்ணு தனியா நடந்து வர முடியுமா? நெஜமா சொல்லுங்க.
(காரைக்கால் வாசகி)

பதில்: முடியும்மா. நான் 20 வருசத்துக்கு மேல ராத்திரி ஷிப்ட் முடிச்சு நடந்து வந்திருக்கேன், எங்க ஏரியாவுல 11 மணிக்குக்கூட ஆண்ட்டிங்க காத்து வாங்கிக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. ஆனா குத்தம் கொறவுன்னா குத்தமே இல்லன்னு அர்த்தம் இல்லன்னு போலீசே போஸ்டர் ஒட்டி வெச்சிருக்காங்க, அதையும் மனசுல வெச்சுக்கணும். கூட்டமான ரயில்ல எவனாச்சும் ஒரசுனா வாய மூடிக்கிட்டு எறங்கிராதீங்க, சத்தமாக் கேளுங்க, ஸ்டேஷன் ஆளுங்ககிட்ட சொல்லுங்க, இங்க அத லேசா எடுத்துக்கமாட்டாங்க. போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. ரயிலு நடுராத்திரி வாக்குல நின்னுரும், 12 மணிக்கு மேல டாக்சின்னா பாதிக் காசு கூட, அதனால 11-க்கெல்லாம் கெளம்பிருங்க.

கேள்வி: அக்கா, நாங்க சிங்கப்பூர்லயே ஈசூன்ல இருக்கோம். எங்க அண்ணன் மக, 23 வயசு, அடுத்த மாசம் வர்றா. எங்க வீட்லதான் தங்குறா, ஆனா ஊர் சுத்துறது மட்டும் தனியாத்தான்னு அடம் புடிக்கிறா. அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது? லீவு போட்டுக் கூடவே போகவா?
(ஈசூன் வாசகி)

பதில்: போகாதீங்க. உங்க பயம் எனக்குப் புரியுது, அண்ணன் மகன்னா நம்ம பொண்ணு மாதிரிதான், ஒண்ணுன்னா ஊர்ல யாரு மூஞ்சியில முழிக்கிறது. ஆனா நீங்க கூடவே போனா அவ உங்க முதுகப் பாத்துக்கிட்டே நடப்பா, எந்தப் பக்கம் திரும்புனோம்னுகூட அவளுக்குத் தெரியாது, நாலாவது நாள் பால் வாங்க அனுப்புனா முழிச்சுக்கிட்டு நிப்பா. நான் தோ பாயோவுல நின்னது மாதிரி.

நீங்க செய்ய வேண்டியது வேற. அவ வர்றதுக்கு முன்னாடியே ஒரு கார்டுல 20 வெள்ளி ஏத்தி வைங்க. மொத நாள் சாயங்காலம் கீழ கூட்டிட்டுப் போய் உங்க ப்ளாக் நம்பர் சொவத்துல பெருசா எழுதியிருக்கே, அதுக்கு முன்னாடி நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுங்க, ஸ்டேஷன்லருந்து வீட்டு வாசல் வரைக்கும் உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, நீங்க பின்னால நடங்க, தப்பாத் திரும்புனாலும் வாயத் தொறக்காதீங்க, அவளே கண்டுபுடிக்கட்டும். கீழ கோப்பிக்கடையில இருக்கிற அங்கிள்கிட்ட, ப்ரொவிஷன் கடைக்காரர்கிட்ட, இது எங்க அண்ணன் மக, ரெண்டு வாரம் இருப்பான்னு ஒரு வார்த்த சொல்லிக் காட்டி வைங்க. மறுநாள் காலையில அவளா போய் அந்த அங்கிள்கிட்ட பசியாறிட்டு அப்படியே செவப்பு லைன்ல ஏறி நியூட்டன்ல மாறி லிட்டில் இந்தியாவுக்குப் போகட்டும், நியூட்டன்லருந்து ஒரே ஸ்டேஷன். திங்கட்கிழமன்னா கேம்பல் லேன்ல இருக்கிற இந்திய மரபுடைமை நிலையம் மூடியிருக்கும், அத மட்டும் சொல்லி வைங்க.

எங்க இருக்கன்னு மணிக்கொரு தடவ மெசேஜ் போடாதீங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு 8 மணின்னு ஒரு நேரம் பேசிக்கங்க, அதுக்கு லேட்டானா அவ சொல்லணும், அவ்வளவுதான் கட்டுப்பாடு. தெக்கத்தி மலைப்பாதையில ஹெண்டர்சன் வேவ்ஸ்னு ரோட்டுக்கு 36 மீட்டர் மேல மரப்பலகைத் தளம் போட்ட ஒரு பாலம் இருக்கு, இல்ல சாங்கி படகுத்துறையிலருந்து புலாவ் உபின் தீவுக்குப் போறேன்னு சொல்லுவா, போகட்டும். அந்தப் படகு 12 பேர் சேந்தாத்தான் கெளம்பும், சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும், அந்த நேரத்துல பக்கத்துல ஒக்காந்திருக்கிற ஏதோ ஒரு குடும்பத்தோட பேச ஆரம்பிச்சிருவா. பையில கொட மட்டும் இருக்கான்னு பாருங்க, இடி இடிச்சா பாலத்துலயும் திறந்த எடத்துலயும் நிக்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லுங்க, இங்க மின்னல் ரொம்ப மோசம்.

அண்ணனுக்குப் பதில் நீங்க சொல்ல வேண்டாம். தெனம் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு அவளையே போன் பண்ணச் சொல்லுங்க, எந்த ஸ்டேஷன்ல ஏறுனா, எங்க வழி மாறுனா, என்ன சாப்பிட்டா, எவ்வளவு குடுத்தான்னு அவ வாயாலயே அப்பாகிட்ட சொல்லட்டும். நீங்க பக்கத்துல ஒக்காந்து கேளுங்க, நடுவுல பூந்து திருத்தாதீங்க.